பிள்ளை பார்க்கிற அக்காவின் லீவுக்கும் காசு: கணக்கு முதல் கடதாசி வரை

யாழ்ப்பாணத்தில் வேலைக்குப் போகும் தாய்மார் பலருக்குக் கைகொடுப்பது பெரிய பகல் பராமரிப்பு நிலையம் இல்லை, நாலு வீடு தள்ளி இருக்கிற ஓர் அக்காதான். தன் வீட்டு விறாந்தையில் மூன்று நாலு பிள்ளைகளை வைத்துச் சோறு தீத்தி, பம்பஸ் மாற்றி, நித்திரையாக்கி, பின்னேரம் கையில் தருகிறார். மாதக்காசு எவ்வளவு என்று முதல் நாளே பேசிவிடுகிறோம். அவர் ஒரு கிழமை லீவு எடுத்தால் என்ன கணக்கு என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. "அக்கா" என்று கூப்பிட்ட வாயால் காசுக்கதை எடுக்கக் கூச்சம். அவருக்கும் "பிள்ளை, லீவுக்கும் காசு தாங்கோ" என்று கேட்கக் கூச்சம். இரண்டு கூச்சமும் சேர்ந்து ஒரு மாத முடிவில் கோபமாக வெடிக்கும். அதற்கு முன்னரே செய்துவைக்க வேண்டிய வேலைகளை ஒழுங்காகப் பார்ப்போம்.

முதலில், எதற்குக் காசு கொடுக்கிறீர்கள்?

மாதக்காசு என்பது மணித்தியாலக் கூலி இல்லை. உங்கள் பிள்ளைக்கென்று அந்த வீட்டில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, அந்த இடத்தை அவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. காசு அதற்குத்தான். அவர் ஒரு கிழமை வீட்டைப் பூட்டினாலும் கரண்ட் பில், சீட்டுக்காசு, சொந்தப் பிள்ளையின் ரியூசன் காசு எதுவும் குறையாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: தன் வீட்டில் பல குடும்பங்களின் பிள்ளைகளைப் பார்ப்பவர் பொதுவாகச் சொந்தத் தொழில் செய்பவர், உங்கள் ஊழியர் இல்லை. ஆனாலும் ஓர் அளவுகோல் தேவையென்றால் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். அது வருடத்துக்கு 14 நாள் சம்பளத்துடன் வருடாந்த லீவு, 7 நாள் தற்செயல் லீவு, வாரத்துக்கு 45 மணித்தியால வேலை என்கிறது. காலை 7 மணிக்குப் பிள்ளையை வாங்கிப் பின்னேரம் 5:30க்குக் கொடுப்பவர் ஐந்து நாளில் 52 மணித்தியாலத்தைத் தாண்டிவிடுகிறார். வங்கியில் வேலை செய்யும் தாய் தன் லீவைச் சம்பளத்தோடு எடுத்துக்கொண்டு, பிள்ளை பார்ப்பவரின் லீவுக்கு வெட்டுவது எங்கள் கண்ணுக்குச் சரியாகப்படவில்லை.

படி 1: லீவுகளை வகை பிரியுங்கள்

"லீவு" என்ற ஒரே சொல்லுக்குள் ஆறு விதமான நாட்கள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு.

*பொது விடுமுறை நாட்கள்.* தைப்பொங்கல், சித்திரை வருஷம், தீபாவளி, நத்தார், மாதம் ஒரு போயா. இந்த நாட்களுக்கு முழுக்காசு, பேச்சே வேண்டாம். சிக்கல் போயாவில்தான் வரும். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை செய்யும் தாய்க்குப் போயா லீவு. போதனா வைத்தியசாலையில் தாதியாக இருக்கும் தாய்க்கு அன்றும் டியூட்டி. ஆகவே போயாவில் பிள்ளையை விடவேண்டியவர் முன்கூட்டியே சொல்லி, அந்த நாளுக்கு நாட்கூலியின் ஒன்றரை மடங்கைத் தனியாகக் கொடுக்க வேண்டும். அக்கா மறுத்தால் அது அவர் உரிமை.

*அவர் திட்டமிட்டு எடுக்கும் லீவு.* வருடத்துக்கு 10 வேலைநாள் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும். 14 கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

*திடீர் சுகவீனம்.* 5 நாள். இதில் ஒரு நியாயம் இருக்கிறது, பலர் யோசிப்பதில்லை. உங்கள் பிள்ளை கொண்டுவந்த கொப்புளிப்பான் அவருக்கோ அவர் பிள்ளைக்கோ தொற்றினால், அந்த நாட்களை இந்த 5இலிருந்து கழிக்கக் கூடாது.

*உங்கள் பிள்ளை போகாத நாட்கள்.* பிள்ளைக்குக் காய்ச்சல், நீங்கள் கொழும்பு போகிறீர்கள், கனடாவிலிருந்து அம்மம்மா வந்து ஒரு மாதம் நிற்கிறார். எல்லாவற்றுக்கும் முழுக்காசு, ஏனென்றால் இடம் உங்களுக்காகக் காத்திருக்கிறது. கை, கால், வாய் நோயோ கொப்புளிப்பானோ வந்தால் பிள்ளையை வீட்டில் மறிப்பதும் உங்கள் கடமை. கொப்புளிப்பானில் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குக் கட்டும் வரை அனுப்பக் கூடாது. அதற்குள் காசு வெட்டு என்ற பயம் இருந்தால், பனடோல் கொடுத்துக் காய்ச்சலை அமத்திவிட்டுப் பிள்ளையை அனுப்பும் பழக்கம் வந்துவிடும். ஒரு பிள்ளையின் காய்ச்சல் நாலு வீட்டுக்குப் போவது இப்படித்தான்.

*பெரிய காரியங்கள்.* செத்தவீடு, பிள்ளைப்பேறு, சத்திரசிகிச்சை. கீழே தனியாக வருகிறது.

*ஊர் முடங்கும் நாட்கள்.* வெள்ளம், புயல் எச்சரிக்கை, 2022இல் பெற்றோல் இல்லாமல் வீட்டில் இருந்ததுபோன்ற காலம். முதல் 5 நாளுக்கு முழுக்காசு, அதற்கு மேல் பாதி என்று எழுதிவைத்தால் இரண்டு பக்கமும் மூச்சுவிடலாம்.

படி 2: மார்கழியிலேயே கலண்டரை விரியுங்கள்

டிசம்பர் நடுப்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அக்கா வீட்டில் எல்லாத் தாய்மாரும் ஒரு மணித்தியாலம் இருந்தால் போதும். அரச விடுமுறைப் பட்டியல், ஒரு பஞ்சாங்கம், பாடசாலைத் தவணை விபரம் மூன்றும் கையில் இருக்கட்டும்.

பஞ்சாங்கம் என்றதும் ஒரு எச்சரிக்கை. சில வீடுகள் வாக்கியம், சில வீடுகள் திருக்கணிதம். சில வருடங்களில் விரத நாள் இரண்டிலும் ஒரு நாள் முன்பின்னாக விழும். "கந்தசஷ்டிக்கு லீவு" என்று பெயரை மட்டும் எழுதினால் எந்த நாள் என்று பிறகு இழுபறிதான். பெயரோடு ஆங்கிலத் திகதியையும் எழுதுங்கள்.

நல்லூர்த் திருவிழாதான் பெரிய இடம். கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை 25 நாள், 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம். 25 நாளும் லீவு கேட்பவர் யாருமில்லை. ஆனால் தேருக்கும் தீர்த்தத்துக்கும் அவரைக் கேட்கவைக்காதீர்கள், நீங்களே லீவு என்று எழுதிவிடுங்கள். கோவிலடியில் வீடு இருப்பவராயின் இன்னொன்று உண்டு. திருவிழாக் காலத்தில் கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளை மறித்துவிடுவார்கள், மோட்டார் சைக்கிளில் வாசல்வரை போய்ப் பிள்ளையை இறக்க முடியாது. இது அவர் லீவு இல்லை. நடந்துபோய் விடுவதற்குக் காலையில் கால் மணித்தியாலம் கூட ஒதுக்க வேண்டியது உங்கள் பாடு.

நல்லூரோடு முடிவதில்லை. ஒவ்வொருவருக்கும் சொந்த ஊர்க் கோவில் இருக்கும். பெரும்பாலும் பத்து நாள் திருவிழாவில் தேரன்றும் அவர்களின் உபயத் திருவிழா அன்றும் அவருக்கு வீட்டில் நிற்க ஏலாது. கத்தோலிக்கர் என்றால் பெரிய வெள்ளி, நத்தார், ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா. பாசையூர்க்காரர் என்றால் ஜூன் 13 அந்தோனியார் திருநாள். சோனகதெருவில் இருப்பவர் என்றால் நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும், நோன்பு மாதத்தில் பின்னேரம் கொஞ்சம் முந்திப் பிள்ளையை எடுப்பதும். உங்கள் கலண்டரை அவர் மேல் போடாமல் அவருடையதைக் கேட்டு எழுதுங்கள்.

திட்டமிட்ட 10 நாளில் 5 நாளை இப்போதே குறித்துவிடுங்கள். மிச்சம் 5 நாள் அவர் விருப்பப்படி, மூன்று கிழமைக்கு முன் சொல்லி எடுக்கட்டும்.

படி 3: நாட்கூலி எவ்வளவு?

சண்டைகள் பெரும்பாலும் இந்த வகுத்தலில்தான் தொடங்கும். மாதம் 15,000 ரூபா என்று உதாரணத்துக்கு வையுங்கள். ஒரு நாள் எவ்வளவு? தாய் 30ஆல் வகுத்து 500 என்பார். அக்கா 22 வேலைநாளால் வகுத்து 682 என்பார். இன்னொருவர் 26ஆல் வகுத்து 577 என்பார். மூவரும் தங்கள் கணக்கில் சரி. மாதத்தால் வகுத்தால் பெப்ரவரியில் ஒரு விலை, ஜூலையில் ஒரு விலை வரும்.

வருடத்தால் வகுங்கள். 15,000 × 12 = 180,000. 2026இல் திங்கள் முதல் வெள்ளி வரையான நாட்கள் 261. 180,000 ÷ 261 = 690 ரூபா, முழு எண்ணாக்கிச் சொன்னால். இந்த ஒரு எண்ணையே வருடம் முழுக்க எல்லாக் கணக்குக்கும் பாவியுங்கள்.

இப்போது லீவின் உண்மையான விலை தெரியும். 10 நாள் லீவும் 5 நாள் சுகவீனமும் சேர்த்து 15 × 690 = 10,350 ரூபா. மாதத்துக்குப் பிரித்தால் 863 ரூபா. ஒரு குடும்பம் "காசில்லை, வெட்டத்தான் வேணும்" என்று பிடிக்கும் பிடிவாதத்தின் மொத்தப் பெறுமதி இவ்வளவுதான்.

அக்காவின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். மூன்று பிள்ளைகள் பார்ப்பவர் ஒரு கிழமை லீவெடுத்து மூன்று வீடும் வெட்டினால் 5 × 690 × 3 = 10,350 ரூபா அந்த மாதம் குறையும். அவர் மாத வருமானம் 45,000. கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு போய்விடும்.

புதிதாகத் தொடங்கும் அக்கா கட்டணத்தை இப்படி அமைக்கலாம்: 261 நாளில் கிழமை நாட்களில் விழும் பொது விடுமுறை 20 என்று வைத்துக் கழியுங்கள், லீவும் சுகவீனமும் 15 கழியுங்கள். மிச்சம் 226 நாள்தான் உண்மையில் பிள்ளை பார்க்கிறார். நாளுக்கு 800 வேண்டுமென்றால் 226 × 800 = 180,800. அதைப் 12ஆல் வகுத்தால் மாதம் ஏறக்குறைய 15,070. இப்படிக் கட்டணம் வைத்தவருக்கு லீவுக்காசு "சும்மா கிடைப்பது" என்று யாரும் சொல்ல முடியாது. அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

ஆசிரியைமாரின் கதை கொஞ்சம் வேறு. தவணை விடுமுறைகளில் பிள்ளையைத் தாங்களே பார்ப்பதால் காசு கொடுக்க மனம் வராது. முழுதாக நிறுத்தினால் இடம் பறிபோகும். நடுவழி, விடுமுறை நாட்களுக்குப் பாதிக்காசு: 690இல் பாதி 345. வருடத்தில் 40 வேலைநாள் அனுப்பாமல் விட்டால் 40 × 345 = 13,800 ரூபா தாய்க்கு மிச்சம், அக்காவுக்கும் அதே 13,800 கையில் வரும். ஆனால் இதைத் தொடக்கத்திலேயே பேச வேண்டும். ஏப்ரல் முதல் நாள் பேசினால் அது வெட்டு.

படி 4: பெரிய காரியங்கள்

செத்தவீடு. அக்காவின் தாய், தகப்பன், கணவர், பிள்ளை, சகோதரம் என்றால் 5 வேலைநாள் முழுக்காசு, இதை 10 நாள் லீவில் கழிக்கக் கூடாது. எட்டுச் செலவுக்கும் 31ஆம் நாள் அந்தியேட்டிக்கும் தனித்தனியே ஒவ்வொரு நாள். இன்னொரு நிலைமையும் வரும். அவர் ஆறாம் நாளே பிள்ளையைப் பார்க்கத் தயார், ஆனால் உங்கள் மாமி "துடக்கு வீடு, அந்தியேட்டி முடியட்டும்" என்கிறார். அனுப்பாமல் விடுவது உங்கள் முடிவு. அப்படியானால் அந்த நாட்களுக்கு முழுக்காசு.

பிள்ளைப்பேறு, சத்திரசிகிச்சை, டெங்கு. யாழ்ப்பாணத்தில் வடகீழ்ப் பருவமழையோடு, நவம்பர் முதல் ஜனவரி வரை, டெங்கு கூடும். வந்தால் இரண்டு கிழமைக்கு அவர் எழும்ப மாட்டார், 5 நாள் சுகவீன லீவு போதாது. நாங்கள் பரிந்துரைப்பது: சுகவீன லீவு முடிந்தபின் அடுத்த 10 வேலைநாளுக்குப் பாதிக்காசு. அதற்கு மேல் காசு இல்லை, ஆனால் இரண்டு மாதம் வரை இரு பக்கமும் இடத்தைப் பிடித்துவைக்கும் வாக்கு. பிள்ளைப்பேறு முன்கூட்டியே தெரியும் காரியம் என்பதால் மூன்று மாதத்துக்கு முன்னரே பேசி, மாற்று வீடு தேடும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: கடதாசியில் எழுதுங்கள்

சட்டத்தரணி வேண்டாம், முத்திரை வேண்டாம். ஒரு பக்கக் கடதாசி, எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே வாசகம். ஒரு வீட்டுக்கு ஒரு ஒழுங்கு, இன்னொரு வீட்டுக்கு வேறு ஒழுங்கு என்றால் கேற்றடியில் இரண்டு தாய்மார் கதைக்கும்போது எல்லாம் உடையும். மாதிரி:

"2026 ஜனவரி முதல் டிசம்பர் வரை மாதக்காசு 15,000 ரூபா. மாதம் முதலாம் திகதி, அன்று வங்கி விடுமுறை என்றால் அதற்கு முதல் நாள் கொடுக்கப்படும். நாட்கணக்கு 690 ரூபா. இணைத்த பட்டியலில் உள்ள பொது விடுமுறைகள், 10 நாள் லீவு, 5 நாள் சுகவீனம் ஆகியவற்றுக்குக் காசு வெட்டப்படாது. பிள்ளை வராத நாட்களுக்கும் வெட்டப்படாது. பெரிய காரியங்களும் ஊர் முடங்கும் நாட்களும் தவிர, இதற்கு மேற்பட்ட லீவு நாளுக்கு 690 ரூபா குறைக்கப்படும். திட்டமிட்ட லீவுக்கு 3 கிழமை, விலகுவதற்கு ஒரு மாதம் இரு பக்கமும் முன்னறிவித்தல். சுகவீனம் என்றால் காலை 6 மணிக்குள் தொலைபேசி அழைப்பு."

அழைப்பு என்று எழுதியது வேண்டுமென்றே. வைபரில் போட்ட செய்தியை ஏழரைக்குப் பிள்ளையோடு வாசலில் நின்றுதான் பார்ப்பீர்கள்.

எடுக்காத சுகவீன நாட்கள் அடுத்த வருடத்துக்குப் போகாது. எடுக்காத லீவு மார்ச் 31 வரை போகலாம், அல்லது டிசம்பர் காசோடு நாளுக்கு 690 வீதம் கொடுத்து முடிக்கலாம். வருட நடுவில் சேரும் பிள்ளைக்கு விகிதப்படி பாருங்கள்: ஜூலையில் சேர்ந்தால் 5 நாள்.

வாய்ப்பேச்சைத் தொடங்கத் தெரியவில்லையா? இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அக்கா, வாற வருஷத்துக்கு உங்கட லீவையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டு வைப்பம். நீங்கள் லீவு நிக்கிற நாளிலயும் காசு வெட்டமாட்டம். எப்ப நிப்பீங்கள் எண்டு மட்டும் முந்திச் சொல்லுங்கோ." முதலில் நீங்கள் கொடுப்பதைச் சொல்லி, பிறகு கேட்பதைக் கேளுங்கள். ஒழுங்கு மாறினால் காதுக்கு அதிகாரமாகக் கேட்கும்.

படி 6: அந்த நாளில் பிள்ளையை யார் பார்ப்பது?

பலர் காசு வெட்டுவதற்கு உண்மையான காரணம் கஞ்சத்தனம் இல்லை. அன்று வேறொருவருக்கும் கொடுக்க வேண்டியிருப்பதால் இரட்டைச் செலவு. இதற்கு வழி அக்காவின் காசில் கைவைப்பதில்லை, தனியாக ஓர் உண்டியல். மாதம் 1,000 ரூபா ஒதுக்கினால் வருடத்துக்கு 12,000. மாற்று ஆளுக்கு நாளுக்கு 700 என்றால் 17 நாள் தாங்கும். 10 நாள் லீவு, 5 நாள் சுகவீனம் இரண்டும் அதற்குள் அடங்கும்.

மாற்று ஆளைத் தேவை வந்த அன்று தேடாதீர்கள். அக்காவின் தங்கையோ, வீட்டில் நிற்கும் சின்னம்மாவோ, யாராயினும் இரண்டு அரைநாள் பிள்ளையை முன்னரே பழக்குங்கள். மாற்று ஆளை அக்காவே தன் வீட்டுக்குக் கூப்பிட்டால் செலவு அவருடையது, அன்று லீவு கணக்கில் ஏறாது. நீங்கள் பிடித்தால் செலவு உங்களுடையது.

எங்கே பிழைக்கிறது?

லீவு முடிந்து வந்தபின் காசு கொடுப்பது. திருவிழாச் செலவும் சீட்டுக்காசும் லீவு நாட்களிலேயே வரும், ஆகவே அவர் லீவில் போகுமுன் மாதக்காசு கையில் இருக்க வேண்டும்.

சித்திரை வருஷக் கைவிசேடத்தையும் தீபாவளிச் சேலையையும் லீவுக்காசாக எண்ணுவது. கைவிசேடம் கைவிசேடம்தான். "அதுதான் அப்ப தந்தனே" என்று ஓகஸ்டில் சொன்னால் கொடுத்த சேலைக்கும் மதிப்பில்லை.

எழுதி வைக்காமல் ஞாபகத்தில் விடுவது. ஒரு ஒற்றைறூள் கொப்பியில் திகதி, லீவின் வகை, மீதி நாள் என்று மூன்று நிரல் போட்டு, மாதமொருமுறை காசு கொடுக்கும்போது இருவரும் கையெழுத்து வையுங்கள். வங்கிக்குப் போட்டாலும் கொப்பி வேண்டும், வங்கிச் சிட்டையில் லீவு நாள் தெரியாது.

அரைநாளை மறப்பது. பின்னேரம் 2 மணிக்குப் பிள்ளையை எடுக்கச் சொன்னால் அது அரைநாள் லீவு. வருடத்தில் ஆறு ஏழு தடவை நடக்கும், எழுதாமல் விட்டால் ஒரு பக்கம் மனதில் கணக்கு வைத்திருக்கும்.

அக்கா பக்கப் பிழையும் உண்டு. மூன்று கிழமை முன்னறிவித்தல் என்று கையெழுத்து வைத்துவிட்டு வியாழன் இரவு "நாளைக்குக் கலியாணவீடு" என்று சொல்வது. முதல் தடவை லீவுக் கணக்கில் எழுதிக்கொண்டு விட்டுக்கொடுங்கள். இரண்டாம் தடவை முதல், முன்னறிவிக்காத லீவு காசில்லாத லீவு என்று கடதாசியிலேயே ஒரு வரி இருக்கட்டும்.

பிள்ளை முன்பள்ளிக்குப் போகும்போது

விலகும் நேரத்துக் கணக்கைப் பலர் மறந்துவிடுவார்கள். ஓகஸ்ட் 31உடன் பிள்ளையை நிறுத்துகிறீர்கள் என்று வையுங்கள். எட்டு மாதத்துக்கு அவருக்குச் சேர்ந்த லீவு 10 × 8 ÷ 12, கிட்டத்தட்ட 7 நாள். 4 நாள்தான் எடுத்திருக்கிறார். மிச்சம் 3 × 690 = 2,070 ரூபா. மறுவளமாக அவர் 9 நாள் எடுத்திருந்தால் கூட எடுத்த 2 நாளைத் திருப்பிக் கேட்க வேண்டாம். நிறுத்துவது நீங்கள், அவர் இல்லை. அவராக நிறுத்தினால் மட்டும் அந்த 2 நாளைக் கடைசி மாதக்காசில் குறைக்கலாம். தர வேண்டிய 2,070 ரூபாவைப் பிறகு தருகிறோம் என்று இழுக்காமல், பிள்ளையின் பாயையும் தண்ணிப் போத்தலையும் எடுக்கப் போகிற அன்றைக்கே கொப்பியில் கடைசிக் கையெழுத்தோடு கொடுத்துவிடுங்கள்.